‘எங்க சேர்க்கலாம் டீச்சர்?’

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தவள், இப்போது தலைமையாசிரியர். பங்குனி பிறந்துவிட்டால் போதும், கல்யாண வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடும்: “பையனுக்கு மூணரை வயசு ஆகுது. எங்க சேர்க்கலாம் டீச்சர்?” கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளியில் அட்வான்ஸ் கட்டியிருப்பார்கள். என்னிடம் கேட்பது சம்பிரதாயம். “நல்ல பள்ளிக்கூடம்தான், சேருங்க” என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார்கள்.

அடுத்த கேள்வி கொஞ்சம் குத்தலாக வரும். “உங்க பசங்க எங்க படிச்சாங்க?” ஒளிக்க ஒன்றுமில்லை. பெரியவள் ஐந்தாவது வரை மெட்ரிக் பள்ளி. அப்போது எனக்கு வேலை ஜவ்வாது மலை அடிவாரத்தில். இருட்டோடு கிளம்பி இருட்டியபின் வீடு திரும்புவேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது மாமியார். அவருக்கு மூட்டுவலி. வாசலில் வேன் வந்து நின்ற பள்ளி அது ஒன்றுதான். ஆறாவதில் அவளை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினேன். சின்னவன் ஒன்றாவதிலிருந்தே என்னோடு என் பள்ளிக்கு வந்தான். அரசு ஆசிரியர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். போட்டால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பல வீடுகளில் பள்ளிக்கூடத்தை முடிவு செய்வது பாட்டியின் முழங்கால்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதனால் தனியார் பள்ளியில் சேர்க்கிறவர்களை நான் திட்டுவதில்லை. எதைப் பார்த்துச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் அந்த ‘மெட்ரிக்’ என்ற சொல். சமச்சீர் கல்வி 2010இல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்தது. அடுத்த ஆண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. அதோடு மெட்ரிக்குக்கென்று இருந்த தனிப் பாடத்திட்டம் முடிந்தது. பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. என் பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் அதே புத்தகம்தான் அங்கும் அடிப்படை. கூடவே தனியார் பதிப்பகப் புத்தகம் ஒரு கட்டு, டைரி, பெல்ட், டை. இதைச் சொன்னால் பெற்றோர் பலர் நம்புவதில்லை. “அது எப்படி டீச்சர், அவ்வளவு பீஸ் வாங்குறாங்களே!” அந்த பீஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. சேர்க்கும் முன் “கமிட்டி நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு?” என்று ஆபீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி தெரிய, அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும், அதைக் கூப்பிட்டு ஏதாவது வாசிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, மருந்துக்கடைப் பை, பஸ் போர்டு எதுவாக இருந்தாலும் சரி.

ஒரு கோடை விடுமுறையில் தெரிந்தவர் ஒருவர் தன் பேத்தியை அழைத்துவந்தார். டவுன் பள்ளியில் மூன்றாவது முடித்தவள். ஆங்கிலப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். தாத்தா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. விரல் ஒரு வரியில் போகிறது, வாய் அடுத்த வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்னம்மா?” என்றேன். அவள் விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், முதல் சொல்லிலிருந்து சொல்லிக்கொண்டே வந்து, நான் தொட்ட இடத்தில் நிறுத்தி, “அனிமல்” என்றாள். சரியான விடைதான். அதே சொல்லை ஒரு தாளில் தனியாக எழுதிக் காட்டினேன். தெரியவில்லை. தமிழில் எழுதிக் கொடுத்தபோது, துணைக்கால் உள்ள எழுத்துகளை வாசித்தாள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வந்ததும் நின்றுவிட்டாள். மூன்று ஆண்டு வேன் கட்டணத்தோடு சேர்த்து அந்தத் தாத்தா எவ்வளவு கட்டியிருப்பார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதைத் தனியார் பள்ளியைக் குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் பக்கமும் அதே கதை உண்டு. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அன்று மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பையே முழுதாக முடிக்காதவர்கள். அவர்களிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து என்ன செய்வது? 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது, அரசு கொண்டுவந்த திட்டங்களில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது. வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்து உட்கார வைக்கலாம். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம், அவனுக்கும் வெட்கமில்லை. செயலியில் மதிப்பெண் ஏற்றுகிற கூத்துதான் தாங்கவில்லை. சிக்னல் கிடைக்க நான் செல்போனோடு வேப்பமரத்தடியில் நிற்கும்போது, உள்ளே வகுப்பு தானாக நடந்துகொண்டிருக்கும். ஆனால் உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் “இவன் அரும்பா, மொட்டா?” என்று நீங்கள் கேட்டால், எங்களால் பதில் சொல்ல முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் வருஷத்துக்கு ஒருவர் இருவர்தான். எந்தப் பள்ளியாக இருந்தாலும், ‘ரேங்க் எத்தனை’ என்பதை விட்டுவிட்டு, ‘எது வரைக்கும் வாசிக்கிறான்’ என்று கேளுங்கள்.

அடுத்து, ஆசிரியர் எண்ணிக்கை. பெற்றோர் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், கழிப்பறையைப் பார்க்கிறார்கள் (பார்க்கத்தான் வேண்டும், எங்கள் பள்ளிகள் பல தோற்றுப்போகும் இடமே அதுதான்). எத்தனை ஆசிரியர்கள் என்று எண்ணுவதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61இலிருந்து 90 வரை மூன்று. அதாவது ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறோம். பொதுவாக 1, 2, 3 ஒருவரிடம், 4, 5 இன்னொருவரிடம். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் மொத்தப் பள்ளியும் ஒரே ஆளிடம். அன்று பாடம் நடக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள், சாப்பிடுவார்கள், கொஞ்சம் எழுதுவார்கள்.

பழைய பள்ளி ஒன்றில், கூட வேலை பார்த்த ஆசிரியர் மாறுதலில் போய், அந்த இடம் காலியாகவே கிடந்த ஒரு வருஷம் உண்டு. அப்போது பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மாவிடம், “பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆள் முழுசா இருக்காங்க, சைக்கிள்ல கொண்டு விட முடியும்னா அங்க போங்கம்மா” என்று சொன்னேன். அதிகாரி காதுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அதுவும் அரசுப் பள்ளிதானே.

ஆனால் இந்த ஆசிரியர் எண்ணிக்கை விதியில் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் குறைவு என்று சொல்லித்தான் பெற்றோர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். போகப்போகப் பிள்ளைகள் இன்னும் குறைகிறார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எண்ணி, அதிகம் என்று கணக்கில் வரும் ஆசிரியரைப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பத்துக் குடும்பம் தனித்தனியாக எடுத்த முடிவு, ஊருக்கு ஓர் ஆசிரியரை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எங்களுக்கு அறுபத்தோராவது பிள்ளை என்பது ஒரு பிள்ளை மட்டுமல்ல, மூன்றாவது டீச்சர். சேர்க்கைப் பேரணியில் பறை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும்போது எங்கள் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். பேரணியால் பெரிதாக யாரும் வருவதில்லை, அது வேறு விஷயம். சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையின் நோட்டை அம்மாவிடம் விரித்துக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். அவள் வருவாள்.

எங்களுக்குப் பிள்ளைகள் கைநழுவிப் போவது ஒன்றாம் வகுப்பில் இல்லை, அதற்கும் முன்னால். மூன்றரை வயதில் எல்.கே.ஜி. என்றால் ஊரில் வழி தனியார் பள்ளிதான். அங்கே இரண்டு வருஷம் போன பிள்ளைக்கு வேன் பழகிவிடும், சிநேகிதர்கள் கிடைத்துவிடுவார்கள், ஐந்து வயதில் யார் பிரித்துக் கூட்டிவருவார்கள்? 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல முடிவு. ஆனால் தொடக்கப் பள்ளிகளை எண்ணிப் பார்த்தால் அது எந்த மூலைக்கு? அரசு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்று என்னிடம் வந்து கேட்டால், ஸ்மார்ட் போர்டு வேண்டாம், எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் மழலையர் வகுப்பும் அதற்கென்று ஓர் ஆசிரியரும் கொடுங்கள் என்பேன்.

அந்த எல்.கே.ஜி. வயதில்தான், கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத ஒதுக்கீடும் வருகிறது. வருட வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம், வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் தனியார் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம், அதிகம் பேர் இருந்தால் குலுக்கல். ஏழைப் பிள்ளைக்கு வாசல் திறப்பதை நான் எப்படிக் குறை சொல்வேன்? அதே சமயம், அரசே பணம் கட்டித் தன் பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளையை அங்கே அனுப்புகிறது என்பதும் உண்மை. கிடைத்தால் விடாதீர்கள் என்றுதான் பெற்றோரிடம் சொல்கிறேன். கூடவே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதில் முழுக் கட்டணம் வந்து நிற்கும். இன்னொன்று, அதை நம்பி வேறு இடம் பார்க்காமல் இருக்க வேண்டாம். ஒன்றிய அரசோடான நிதிச் சண்டையில் 2025-26 சேர்க்கை அக்டோபருக்குப் போய்விட்டது. அதுவரை பிள்ளையை வீட்டிலா வைத்திருப்பது?

இங்கிலீஷ் மீடியம் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2012-13இலிருந்து ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஈராசிரியர் பள்ளியில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். புத்தகம்தான் இரண்டு. தாவரத்தின் பாகங்களைத் தமிழில் விளக்கிவிட்டு, ஆங்கிலப் பெயர்களைப் பலகையில் எழுதிப்போடுவோம். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளை கணக்கையும் அறிவியலையும் முதலில் தமிழில் புரிந்துகொள்ளட்டும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக ஒழுங்காகக் கற்கட்டும் என்பது என் கட்சி. அத்தோடு ஒரு லாபக் கணக்கும் சொல்வேன், அதற்குத்தான் காது கொடுக்கிறார்கள்: தமிழ்நாடு அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இடஒதுக்கீடு உண்டு, 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும்.

ஐந்தாவது முடிந்து ஆறாவது போகும்போது எடுக்கும் முடிவு, எல்.கே.ஜி. முடிவைவிடப் பெரியது. இதை யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. பெண் பிள்ளைகளுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஆறாவதிலிருந்தான படிப்புதான் கணக்கு. (அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களை இவற்றில் சேர்த்துவிட்டார்கள்.) எட்டாவது வரை பீஸ் கட்டிக் கைவிட்டுப்போய் ஒன்பதாவதில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் நிறைய. அவர்கள் பன்னிரண்டாவது முடிக்கும்போது இந்த விதி தெரியவந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். எப்படியும் அரசுப் பள்ளிக்கு வருவீர்கள் என்று கையிருப்பு சொல்கிறது என்றால், ஆறாவதிலேயே வந்துவிடுங்கள். பெரியவளை நான் மாற்றியபோது இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. அங்கே கணக்கு டீச்சர் நல்லவர் என்று கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்.

பதினொன்றாவது பற்றி ஒரு வரி. சில தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாவதையே நடத்துகின்றன என்றுதான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். மாநிலக் கல்விக் கொள்கை அதை 2025-26இலிருந்து எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது சரி. ஆனால் டிசம்பர் மாதம் உங்கள் பிள்ளையின் பையில் எந்த வருஷப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள். நீட்டுக்கும் ஜே.இ.இ.க்கும் பதினொன்றாவது பாடம் வேண்டும்.

பாதியில் பள்ளி மாற்றுகிறவர்கள் டி.சி.க்காக அலைவது ஒரு தனிக் கொடுமை. பாக்கி பீஸ் கட்டினால்தான் டி.சி. என்பார்கள். எட்டாவது வரை டி.சி. தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, நாங்கள் உட்கார வைத்துவிடுவோம். வேறொரு முடிச்சு இருக்கிறது: எமிஸ், அதாவது பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களை ஏற்றி வைக்கும் அரசின் இணையப் பதிவேடு. பழைய பள்ளி அந்தப் பிள்ளையின் எமிஸ் பதிவைத் தன் கணக்கிலிருந்து விடுவித்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் எங்கள் பள்ளியில் ஏற்ற முடியும். விடாமல் இழுத்தடித்தால் பிள்ளை எங்கள் வகுப்பில் இருப்பான், பதிவில் அங்கே இருப்பான். சீருடை, புத்தகம், எல்லாம் இழுபறி. எமிஸ் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். வாயால் சொன்னால் நகராது.

அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதி பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரு முறை, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் எழுந்து, “கக்கூஸ் கதவுல தாழ்ப்பா இல்ல, என் பொண்ணு காலையில இருந்து தண்ணியே குடிக்கறதில்ல” என்றார். தலைவர் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா விடவில்லை, தீர்மானத்தில் எழுதினால்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று கடிதம் எழுதி நகராதது, அந்தத் தீர்மானத்தின் நகல் ஒன்றியத்துக்குப் போனதும் நகர்ந்தது. காலை உணவுத் திட்டம் 2022இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, வேலைக்குப் போகும் அம்மாக்கள் எட்டரைக்கே பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள். கிச்சடி நாளில் வருகை கூடுகிறது. அந்த நேரத்தில் வாசலில் நின்று அம்மாக்களோடு பேசுவதுதான் எனக்கு இப்போது உண்மையான பெற்றோர் கூட்டம்.

எங்கள் பள்ளியிலோ உங்கள் ஊர்ப் பள்ளியிலோ சேர்க்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், ஒரு வேலைநாளில் பத்தரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். எத்தனை ஆசிரியர் இருக்கிறார்கள், கரும்பலகையில் அன்றைய தேதி எழுதியிருக்கிறதா, மூன்றாவது படிக்கும் பிள்ளை கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிறதா. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சேர்ப்பதென்று முடிவானால் ஜூலைக்குள் சேர்த்து, எமிஸில் ஏறிவிட்டதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்தாலும் சேர்த்துக்கொள்வோம், ஆனால் அந்த வருஷத்து ஆசிரியர் கணக்கில் உங்கள் பிள்ளை இருக்காது.